பாணபத்திரர் மீளப் பெற்ற இன்பம்

மக்கட் பிறப்பிற் போந்த ஒவ்வோருயிர்க்கும் ஒவ்வோர் ஆற்றல் வாய்த்திருத்தல் கண்கூடு. ஒருவர்க்குக் குரலினிமை, ஒருவர்க்குக் கைவினை நுட்பம், ஒருவர்க்குச் சொல்வன்மை, ஒருவர்க்குப் பிணியாளரைப் பேணும் பொறுமை. இவற்றுள் யாதொன்றும் வாயாதார் ஒருவரும் இலர். ஆயினும், தமக்கு வாய்த்த ஆற்றலால் தாமே இன்புறுவார் மிகச் சிலர் என்பதும் அங்ஙனமே கண்கூடாம். கூடத்தில் தனித்திருந்து தன் மகிழ்ச்சிக்கெனப் பாடிய குழந்தை, பலர் நடுவிற் பரிசில் வேண்டிப் பாடத் தொடங்கிய அன்றே பாட்டின் சுவையை இழந்துவிடுகின்றது. ஆண்டு பல முயன்று கற்ற கலையைத் தம்மினும் வல்லார் ஒருவரைக் கண்ட அளவிற் கைவிடுவாரும் உளர். வல்லாரெனப் பெயர் பெற்றும், அப்பெயரைக் காத்தற் பொருட்டே உறக்கமிழந்து வாழ்வாரும் உளர். கொடுக்கப்பட்ட பொருள் கையில் இருக்கவும், அதனாலாய இன்பம் மட்டும் யாங்ஙனம் நீங்கிற்று? நீங்கிய இன்பம் மீளுதற்கு வழி யாது?

இவ்வினாக்கட்கு விடை சித்தாந்த சாத்திரங்களில் உள்ளது. அவ்விடையையே, 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த 'திருவிளையாடல்' என்னும் தமிழ்த் திரைப்படம் பாட்டாலும் நடிப்பாலும் பாமரரும் உணரும்படி விளக்கி நிற்கின்றது. அதன்கண் அமைந்த பாணபத்திரர் வரலாற்றை ஆராய்ந்து அப்பொருளைத் தெளிவித்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்படத்தைச் சைவத் திங்களிதழொன்றில் ஆராய்தல் தகுமோ என ஐயுறும் அன்பர்கள் உளராகலாம். அவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. மக்களுள் ஒருவர் இறைவன் கோலம் பூண்டு நகையும் ஊடலும் நிகழ்த்துதலைக் காண மனம் ஒவ்வாதார் நிலையை யாம் மதிக்கின்றேம். எனினும், திருவிழாக்களில் அடியார் வரலாறுகளைக் கூத்தாக நடித்தலும், பிட்டுக்கு மண்சுமந்த திருவிளையாடலை மதுரையில் ஆண்டுதோறும் விழாவாக நிகழ்த்துதலும் நம் நாட்டில் வழங்கிவரும் மரபே. ஆதலின், கருவி யாது என்பதை நோக்குதலினும், அக்கருவியால் உள்ளம் எத்திசையிற் செலுத்தப்படுகின்றது என்பதை நோக்குதலே நேரிய முறையாம். அம்முறை பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றேம். குற்றமுள்ள இடத்துக் குற்றத்தையும் மறையாது கூறுவேம்.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணம் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என்னும் மூன்று காண்டங்களையும், 64 திருவிளையாடல்களையும் உடையது. திரைப்படத்தை இயக்கிய ஏ. பி. நாகராசன் அவற்றுள் மூன்றனையே எடுத்துக்கொண்டார். தக்கன் வேள்வியையும் இடையே சேர்த்துக்கொண்டார். மாங்கனியின் பொருட்டுச் சினந்து தனித்துச் சென்ற முருகப்பெருமானுக்கு, அம்மையார் தந்தையின் திருவிளையாடல்களை எடுத்துரைத்துச் சினந் தணிவிப்பதாகக் கதை கோக்கப்பட்டுளது. சிவபெருமானாகச் சிவாசி கணேசனும், அம்மையாகச் சாவித்திரியும், ஔவையாராகக் கே. பி. சுந்தராம்பாளும் தோன்றினர். இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். பொற்கிழி பெற்ற தருமி வரலாறு முதலாவதாகவும், பாணபத்திரர் பொருட்டு விறகு விற்ற வரலாறு இறுதியாகவும் வைக்கப்பட்டன. புராணத்தில் விறகு விற்ற படலம் 41-ஆவது. தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் 52-ஆவது. இவ்வரிசையைத் திரைப்படம் மாற்றிக்கொண்டமை வெறுங் கதைவசதி கருதியதாயினும் ஆகுக. அம்மாற்றத்தால் ஓர் அரிய பொருள் விளைந்தது. இரவற் பாட்டால் இடர்ப்பட்டவனை முதலிற் காட்டித் தன் பாட்டினையே இறைவன்பால் ஒப்புவித்து உய்ந்தவரை இறுதியிற் காட்டுதலால், கலையின் உடைமை யாருடையது என்னும் வினா படம் முழுதும் ஓடி நிற்கின்றது.

இனி, அவ்வினாவைச் சித்தாந்தம் யாங்ஙனம் விடுவிக்கின்றது என்பதை முதற்கண் காண்பாம். உயிர் தன்னியல்பில் அறிவும் விழைவும் செயலும் உடையதே. ஆயினும், அநாதியே பற்றிய ஆணவமலத்தால் அவ்வாற்றல்கள் முற்றும் மறைப்புண்டு, கேவல நிலையில் ஒன்றும் அறியாது, ஒன்றும் செய்யாது கிடக்கின்றது. அங்ஙனங் கிடந்த உயிர்க்கு இறைவன் இரங்கி, மாயையினின்றும் உடம்பு, கருவி, உலகம், நுகர்பொருள் என்பவற்றைக் கூட்டுகின்றான். அக்கூட்டத்துள் கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்கள் ஆணவ மறைப்பைச் சிறிதே விலக்கி, முறையே உயிரின் செயலாற்றலையும் அறிவாற்றலையும் விழைவையும் விளங்கச் செய்கின்றன. நியதியாவது அவரவர் வினைக்கீடாக இன்ன பயன் இன்னார்க்கென வரையறுத்து நிறுத்துவது. 'கலை' என்னும் சொல் உலகவழக்கில் ஆடல் பாடல் முதலியவற்றைக் குறிப்பதும், சாத்திர வழக்கில் உயிரின் செயலாற்றலை எழுப்பும் தத்துவத்தைக் குறிப்பதும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன.

இதனாற் பெறப்படுவன இரண்டு. ஒருவன் கலைத்திறம் என்பது இருளிடை இறைவன் ஏற்றிய கைவிளக்கு. ஆகலின் அது அருட்கொடை என்பது ஒன்று. அவ்விளக்கின் அளவு அவரவர்க்கு வரையறுக்கப்பட்டதாகலின், பிறர் விளக்கொடு தன் விளக்கை ஒப்புநோக்கி இறுமாத்தலும் வருந்துதலும் பேதைமை என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் மறந்தவிடத்தே கலையின் இன்பம் அழிகின்றது. மறப்பிப்பது யாதெனின், யான் எனது என்னும் செருக்காய் வெளிப்படும் ஆணவமே என்க. தன்னை விலக்குதற்கு வந்த விளக்கினையே தனக்கு அணியாகப் பூண்டுகொள்ளும் வஞ்சம் அம்மலத்திற்கு உண்டு. ஒன்றும் வல்லாதானினும் ஒன்று வல்லானிடத்து அது மிகுதியுஞ் செழித்து நிற்றல் இதனாலன்றோ?

இவ்வுண்மைக்கு உருவெடுத்தாற்போல்பவர் ஏமநாத பாகவதர். படத்தில் இவ்வேடம் பூண்டவர் டி. எஸ். பாலையா, பின்னின்று பாடியவர் பாலமுரளிகிருட்டிணர். பாண்டியன் அவையில் அவர் பாடும் நெடும்பாட்டு மாண்டு என்னும் இராகத்திற் றொடங்கித் தோடி, தர்பார், மோகனம், கானடா என இராகமாலிகையாய்ச் செல்கின்றது. பாடப்படும் இராகத்தின் பெயர் அவ்வவ் விடத்துச் சொற்களுள்ளே பொதிந்து நிற்குமாறு பாட்டுப் புனையப்பட்டுளது. அதன் கருத்து, தம்மிசையைக் கேட்டு முடிக்க ஒரு பகல் காணாது என்னும் தற்பெருமையே.

ஈண்டுப் படத்தின் நேர்மை போற்றத்தக்கது. செருக்குடையான் பாட்டைச் சுவையற்றதாக்கி நம்மை நகைப்பித்தல் எளிது. இசையமைத்தோர் அங்ஙனஞ் செய்திலர். ஏமநாதர் பாட்டு மெய்யாகவே பேரின்பம் பயக்கும் பாட்டு. அறுபது ஆண்டுகள் கடந்தும் தமிழ் மக்கள் அதனை விரும்பிக் கேட்கின்றனர். அற்றேல், செருக்கு இசையைக் கெடுக்கவில்லையோ எனின், கெடுக்கவில்லை. அது பாடுவோனையே கெடுத்தது. ஈந்தவன் அருளாகலின், ஈயப்பட்டவன் தகவின்மையால் ஈகை உடனே அழிந்தொழிவதில்லை. கேட்டார் அனைவரும் இன்புற, பாடினவர் மட்டும் இன்புற்றிலர். அவர் விழிகள் பாட்டின்மேல் இல்லை. அவையினர் முகத்தின்மேலே இருக்கின்றன. பாட்டு முடிந்தவுடன் அவர்க்கு நிறைவு பிறக்கவில்லை. தம்மை வெல்வார் உளரோ என்னும் அறைகூவலே பிறக்கின்றது. வெல்வாரிலராயின் பாண்டிநாடே தம் பாட்டுக்கு அடிமையாதல் வேண்டுமென்கின்றார். இன்பம் நிறைந்த உள்ளத்துக்குப் பிறரை அடிமைகொள்ளும் வேட்கை எழுமோ? நிறையாத கலத்துக்கே மேலும் மேலும் பெய்ய வேண்டும். பாலையாவின் நடிப்பு இவ்வெறுமையை நகைச்சுவையின் உள்ளீடாக வைத்துக் காட்டுதலின் சிறப்புடையது.

இனிப் பாணபத்திரர் நிலை யாது? இவர் திருக்கோயிலில் பெருமான் திருமுன் நின்று பாடுதலையே வாழ்வாகக் கொண்டவர். அவையிலுள்ள புலவரும் இசைவாணரும் பின்வாங்கியபின், வாதுக்கு இவரை விடுக்குமாறு அரசன் ஆணை பிறக்கின்றது. அதுகாறும் அன்பாய் இருந்த இசை, அவ்வாணை வந்த நொடியே அவர்க்குச் சுமையாயிற்று. அவர் குரல் மாறவில்லை, கற்ற பண்கள் மறக்கவில்லை, மாறியது ஒன்றே. நேற்றுவரை 'இறைவன் கேட்பான்' என்று பாடினவர், இன்று 'ஏமநாதன் கேட்பான்' என்று எண்ணிவிட்டார். கேட்பவன் மாறினமையால் பாட்டின் இன்பம் அச்சமாயிற்று.

இவ்விடத்து நுண்ணிதின் உணரத்தக்க உண்மை ஒன்று உளது. செருக்கும் அச்சமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன போலத் தோன்றினும், இரண்டன் வேரும் ஒன்றே. 'என் பாட்டு வெல்லும்' என்பது செருக்கு. 'என் பாட்டுத் தோற்கும்' என்பது அச்சம். இரண்டிலும் 'என் பாட்டு' என்பது மாறாது நிற்கின்றது. ஆகவே, தன்னை இழித்துக்கொள்ளுதலைப் பணிவெனக் கருதி மயங்குதல் கூடாது. தன் திறத்தை ஓயாது பழித்து வருந்துவானும், ஓயாது புகழ்ந்து திரிவானும் தன்னையே நோக்கி நிற்கின்றனர். ஈந்தவனை நோக்குவார் இருவருள் ஒருவரும் இலர். பணிவென்பது தன்னைச் சிறிதாக எண்ணுதலன்று; உடையவன் உரிமையை அவனுக்கே உணர்ந்து கொடுத்தலாம்.

அவ்வுணர்ச்சி பாணபத்திரர்க்குப் பிறக்குமிடமே படத்தின் உயிர்நிலை. திருக்கோயிலுட் புகுந்து அவர் ஆபேரி இராகத்தில் முறையிடுகின்றார். இசைத்தமிழை ஆக்கினவன் இறைவனாக இருக்க, தமக்கு இவ்விடர் வருதல் என்னை என்பது அம்முறையீட்டின் கருத்து. வெற்றி தருக என அவர் கெஞ்சவில்லை. இப்பொருள் நின்னுடையது, இதற்குறும் பழியும் நின்னுடையது என வழக்குரைக்கின்றார். ஆணை பெற்றபோது 'என் பாட்டு' என்று நடுங்கினவர், பாடப் பாட 'நின் பாட்டு' என்று தெளிகின்றார். அச்சம் நீங்குதற்கு முன்னரே, வாது முடிதற்கு முன்னரே, பாட்டின் இன்பம் அவர்க்கு மீண்டுவிட்டது என்பதை அப்பாட்டின் இறுதியில் அவர் முகமே காட்டுகின்றது. இழந்ததை மீட்டது வெற்றியன்று; ஒப்புவிப்பே என்பது இதனாற் புலனாம்.

இவ்வேடம் பூண்டு தம் குரலாலேயே பாடியவர் டி. ஆர். மகாலிங்கம். அவர் 1924-இல் மதுரையை அடுத்த சோழவந்தான் பக்கத்துத் தென்கரையிற் பிறந்தவர். இளமையிலேயே நாடக மேடையேறியவர். 1945-இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி'யாலும், 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தாலும் பெரும்புகழ் பெற்றவர். பின்னர், பாடி நடிப்பாரை நாடும் காலம் மாறிற்று; அவர் வாய்ப்பும் குன்றிற்று. 1958-இல் 'மாலையிட்ட மங்கை'யால் மீண்டும் மக்கள் செவிக்கு வந்தார். உயர்ந்த சுருதியில் தயக்கமின்றி எழும் அக்குரல், புகழின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்டபின் ஆலவாய்ப் பெருமான் திருமுன் முறையிடும் பாணர் குரலாக ஒலித்தல் பொருத்தமுடைத்து. கற்றுக்கொண்ட நடிப்பினால் மட்டும் வாராததோர் உருக்கம் அதன்கண் உளது.

அன்பர் முறையீட்டைக் கேட்ட பெருமான் விறகாளாய் வருகின்றார். ஏமநாதர் தங்கிய இல்லத்தின் திண்ணையில் விறகுச்சுமை இறக்கி, இரவிற் பாடுகின்றார். டி. எம். சௌந்தரராசன் குரலில், கௌரிமனோகரி இராகத்தில் அமைந்த அப்பாட்டின்கண், பாட்டும் மெய்ப்பாடும் பாடச்செய்யும் வலியும் அசையும் பொருளின் அசைவும் எல்லாம் தாமே என்பது உரைக்கப்படுகின்றது. பாடுவோராகவும் வீணை, மத்தளம் முதலிய கருவிகளை வாசிப்போராகவும் சிவாசி கணேசன் ஒருவரே பல வடிவிற் றோன்றுகின்றார். பாட்டு நிற்குமிடத்து உலகின் அசைவெல்லாம் நின்றுவிடுகின்றது. மீண்டும் எழ, உலகும் மீண்டும் இயங்குகின்றது.

இரு பாட்டையும் ஒப்புநோக்குவார்க்கு வியப்பொன்று தோன்றும். ஏமநாதர் பாட்டிலும் 'நான்' என்னும் சொல் உண்டு. விறகாள் பாட்டிலும் அச்சொல் அடிதோறும் வருகின்றது. ஒரே சொல் ஒருவர் வாயிற் செருக்காகவும், மற்றொருவர் வாயில் உண்மையாகவும் ஒலிக்கின்றது. ஏமநாதரின் குற்றம் அச்சொல்லைக் கூறியதன்று. தமக்குரித்தல்லாத இடத்து அதனைக் கூறியதே. உரியவன் வந்து உரிய சொல்லைச் சொல்லியவுடன், பொய்யுரிமை பேசியவர்க்கு அவ்வூரில் நிற்க இடமில்லையாயிற்று. இரவோடிரவாக அவர் நீங்கியதன் உட்பொருள் இதுவேயாம்.

எல்லாம் இறைவனே பாடுகின்றான் எனின், உயிர்க்குரிய முயற்சி யாது? கற்றலும் பயிறலும் வீண் அல்லவோ? என வினவின், கூறுதும். சித்தாந்தம் உயிரை இறைவனாக்கி மயங்குவதுமன்று. இறைவனினும் வேறாக்கி அகற்றுவதுமன்று. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் கதிரவன் ஒளி உடனில்லையேல் அது காணாது. ஒளி உண்டென்று கண்ணை மூடியிருப்பானும் காணான். அங்ஙனமே பாணர் பயின்ற பயிற்சி அவருடையதே. அப்பயிற்சியைப் பாட்டாக விளங்கச்செய்வது உடன்நின்ற அருள். புராணமும் படமும் இதனைக் குறிப்பாற் காட்டும் திறம் அழகியது. பெருமான் பாணபத்திரராக வேடம் பூண்டு வாது செய்திலர். தம்மை அவர்பாற் கற்க விழைந்து தள்ளப்பட்டவராகவே கூறிக்கொண்டார். தள்ளப்பட்டவனே இத்தகையனாயின் தலைவன் எத்தகையனோ என ஏமநாதர் நடுங்கினார். பாணர் கலையைப் பறித்து அவ்விடத்தில் தம் கலையை வைப்பது இறைவன் செயலன்று. அவர் கலைக்கு முன்னே தாம் தாழ்ந்து நின்று அதனை உயர்த்துவதே அவன் செயலாயிற்று. ஆண்டான் அடியானுக்கு அடியானாய் நிற்கும் இவ்வெளிமையினும் இனியது வேறொன்று உண்டோ?

தருமியின் வரலாற்றை இதனோடு வைத்து நோக்குக. அவன் வறியன், நாகேசு அவ்வறுமையை நகையும் இரக்கமும் ஒருங்கெழ நடித்துக் காட்டினார். பெருமான் அருளிய பாட்டு இன்றும் குறுந்தொகையில் இரண்டாவதாய், இறையனார் பெயரால் விளங்குகின்றது. அருட்பாட்டே ஆயினும், அதனைத் தன் பாட்டெனச் சொல்லி அவைபுகுந்த தருமி, நக்கீரர் வினாவிய ஒரு வினாவுக்கு விடைகூற மாட்டாது கலங்கினான். பிறன் பொருளைத் தனதெனக் கொள்வான் கலங்குவது வெளிப்படை. தன்பால் உள்ள பொருளைத் தனதெனவே கொண்ட ஏமநாதரும் கலங்கினமையே நாம் ஊன்றி உணரவேண்டுவது. ஈந்தவனை மறந்தவிடத்து இரவலும் உடைமையும் ஒருதன்மைத்தாயின.

இப்பொருளுக்குப் பெரிய புராணத்தினும் பெருஞ்சான்று உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் திருப்பதிகங்களை யாழிலிட்டு வாசித்து வந்தார். அவர் யாழின் திறத்தாற்றான் பதிகம் பெருமையுறுகின்றது எனச் சுற்றத்தார் கூற, அவர் உளம் நடுங்கிப் பிள்ளையாரிடம் விண்ணப்பித்தார். திருத்தருமபுரத்தில் யாழில் அடங்காத பதிகம் எழுந்தது. அது யாழ்மூரி எனப் பெயர் பெற்றது. வாசிக்க முயன்று இயலாது, யாழ்ப்பாணர் தம் யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்தருளி, இறைவன் திருவருட்பெருமை இக்கருவியில் அடங்குவதோ எனத் தேற்றி, இயன்ற அளவு வாசிக்கப் பணித்தார். ஓங்கிய கை தாழ்ந்தது; யாழ் பிழைத்தது; தொண்டும் தொடர்ந்தது. கருவியின் எல்லையை அறிதல் கருவியை உடைத்தற்குக் காரணமாகாது என்னும் இவ்வறிவுரை, தம்மினும் வல்லாரைக் கண்டு கலையைக் கைவிடுவார் அனைவர்க்கும் உரியது. எல்லையற்ற பொருளை எல்லையுள்ள கருவியால் தொடுதலே இன்பம். முற்றும் அடக்கிவிட வேண்டுமென்பது ஆணவம்.

இனி, படத்தின் குறைகளையும் கூறுதல் கடன். விறகாளாய் வரும் பெருமானது வடிவில் நகையும் மிடுக்கும் மிகுந்து, எளிமை குறைந்துளது. புராணம் காட்டும் விறகாள் முதிர்ந்த உடலும் பழைய யாழும் உடைய வறியர். அம்முதுமையும் வறுமையுமே ஏமநாதர் செருக்குக்கு நேர்மாறாய் நின்று உள்ளத்தை உருக்குவன. இளமை மிடுக்குடைய விறகாள், செருக்கைச் செருக்கால் வெல்லவந்தார்போலச் சிற்சில இடங்களில் தோன்றிவிடுகின்றார்.

இதனினும் பெரிய குறை, வெற்றியோடு வரலாற்றை முடித்தமையாம். புராணம் அங்ஙனம் முடிக்கவில்லை. விறகு விற்ற படலத்தின்பின் திருமுகங் கொடுத்த படலம், பலகையிட்ட படலம், இசைவாது வென்ற படலம் என மூன்று படலங்கள் பாணபத்திரர் குடும்பத்தைப் பற்றியே தொடர்கின்றன. அரசவையை விடுத்துத் திருக்கோயிலிற் பாடுதலையே தொழிலாகக் கொண்ட பாணர் வறுமையுற, சேரமான் பெருமாளுக்குப் பெருமான் திருமுகம் விடுத்தருளினார். அத்திருமுகப்பாசுரம் பதினொராந் திருமுறையின் முதற்கண் வைக்கப்பட்டுளது. பின்னர் ஓரிரவு பெருமழை பெய்ய, நனைந்து நின்று, நரம்பு தளர்ந்த யாழொடும் பாணர் வழுவாது பாடினார். அவர் நின்று பாடுதற்குப் பெருமான் பலகை இட்டருளினார். அந்நள்ளிரவில் அரசனும் இல்லை; அவையும் இல்லை; வெல்லற்கு ஏமநாதரும் இல்லை. மழையும் இருளும் இறைவனும் மட்டுமே உளர். அப்பொழுதும் பாட்டு நிற்கவில்லை. வாதில் வெல்லுதலினும் அவ்விரவிற் பாடினமையே பாணர் மீளப்பெற்ற இன்பத்துக்கு மெய்ச்சான்று. இவ்வொரு காட்சியைப் படத்திற் சேர்த்திருப்பின், அதன் பொருள் முழுமையுற்றிருக்கும். வெற்றியைக் கண்டு கைகொட்டும் உலகுக்கு, வெற்றியின்றியும் களிக்கும் தொண்டினைக் காட்டுதலன்றோ பெரிது!

இங்ஙனங் குறைகள் உளவேனும், மக்கள் உள்ளத்தில் இப்படம் விதைத்த நன்மை சிறிதன்று. ஆயினும், கண்டு மகிழ்ந்ததனோடு அமையாது, அதனைத் தம் வாழ்விற் பொருத்திக் கொள்ளுதலே அன்பர்க்கு அழகு. இன்று இளஞ்சிறார் பலர் இசையும் கூத்தும் பயில்வது மகிழ்தற்குரியதே. ஆயின், பயிற்சி தொடங்குமுன்னரே போட்டி தொடங்கிவிடுகின்றது. பண்ணின் சுவை அறியுமுன்னரே மதிப்பெண்ணின் சுவை காட்டப்படுகின்றது. தோற்ற குழந்தை தன்பால் யாதும் இல்லையென நலிகின்றது; வென்ற குழந்தை நாளை தோற்பேனோ என நலிகின்றது. பெற்றோர் கொடுக்கத்தக்க மருந்து ஒன்றுண்டு. பலர் கேட்கப் பாடும் நாளுக்கு முன்னும் பின்னும், ஒருவரும் கேளாத திருக்கோயில் மூலையில் அக்குழந்தையை ஒரு திருப்பதிகம் பாடச் செய்க. பாட்டு யாருக்கென்பது அவ்விடத்தில் அதற்கு விளங்கும்.

முதியோர்க்கும் இது பொருந்தும். குரல் தளர்ந்ததென்று திருமுறை ஓதுதலை நிறுத்தினார் எத்துணையர்! குரலினிமை ஈந்தவனே அதனை மீளக் கொண்டான். கொண்டானாயின், தளர்ந்த குரலையே இப்பொழுது அவன் விரும்பினான் என்க. இசைவாராதார் கைத்தொண்டு செய்க. திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்தபோது, பதிகம் பாடிய இருவர்க்கும் படிக்காசு அருளிய பெருமான், உழவாரங்கொண்டு கைத்தொண்டு செய்த அப்பர் அடிகட்கு வட்டமில்லாக் காசு அளித்த வரலாற்றை அன்பர்கள் அறிவர். மலர் தொடுக்கும் விரலும், அடிசில் அட்டு அடியாரை ஊட்டும் கையும், கணக்கெழுதிக் கோயிற்பொருளைக் காக்கும் நேர்மையும் இறைவன் ஈந்த கலைகளேயாம். அவற்றைச் சிறியவென்று இகழ்வான் ஈந்தவனையே இகழ்ந்தவனாவான்.

முடிவாக ஒன்று கூறுதும். கருவிகரணங்கள் உயிரின் செருக்குக்கு உதவுங்காற் பசுகரணங்கள் எனப்படும். திருவருளுக்கு உதவுங்காற் சிவகரணங்கள் எனப்படும். கரணம் ஒன்றே, குரல் ஒன்றே, கை ஒன்றே. நிற்கும் நிலை மாறுதலாற் பெயரும் பயனும் மாறுகின்றன. இறைபணி நிற்றல் என நம் மெய்கண்ட சந்தானத்தார் கூறும் நிலை, வினைசெய்யாது வாளா இருக்கும் நிலையன்று; தனக்கு வாய்த்த வினையை அவன் வினையாகச் செய்து களிக்கும் நிலையாம். அந்நிலையிற் பாடுவார்க்கு வெல்லவேண்டிய பகையும் இல்லை; அஞ்சவேண்டிய அவையும் இல்லை. ஆலவாய்ப் பெருமான் இன்றும் நம் வாயிற்றிண்ணைதோறும் விறகாளாய் வந்து காத்திருக்கின்றார். நம் உள்ளத்துறையும் ஏமநாதர் ஊரைவிட்டு நீங்கவும், பாணபத்திரர் அச்சந் தெளிந்து பாடவும் அவன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.